ஊசி மெத்தைக்குள் ஏழு ஊசிகள்

ஊசிகளையும் குண்டூசிகளையும் குத்தி வைக்கும் என் பழைய ஊசி மெத்தையைப் போன வாரம் பிரித்தேன். மகளின் குதிகாலில் குண்டூசி ஏறியதற்கு மறுநாள் அது. மெத்தையில் ஊசிகள் நிற்கவே இல்லை. லேசாகத் தட்டினாலே சாய்ந்து கீழே விழுந்தன. மேலும், கொஞ்ச காலமாகவே என் தையல் ஊசிகள் ஒவ்வொன்றாகக் காணாமல் போய்க்கொண்டிருந்தன. எங்கேயாவது வைத்துவிட்டு மறந்துவிடுகிறேன் என்றுதான் நினைத்திருந்தேன்.

தையலை அறுத்து உள்ளே இருந்த பஞ்சை வெள்ளைத் தாளில் கொட்டி விரலால் பிரித்துப் பார்த்தபோது ஏழு ஊசிகள் கிடைத்தன. எல்லாம் கைத்தையலுக்கான மெல்லிய ஊசிகள். மூன்று புதிதுபோல இருந்தன. ஒன்றில் லேசான பழுப்புக் கறை. மீதி மூன்றிலும் பஞ்சு துருவோடு சேர்ந்து உறைந்துபோயிருந்தது. இழுத்தால் பஞ்சும் கூடவே வந்தது.

தவறு ஊசியுடையதும் இல்லை, என் மறதியும் இல்லை. உள்ளே வைத்த பொருள்தான் தவறு. பருத்திப் பஞ்சு காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சி வைத்துக்கொள்ளும். எஃகு ஊசி நாள்கணக்கில் அதற்குள் கிடந்தால் துருப்பிடிக்காமல் என்ன செய்யும்? அதோடு, நாளாக ஆகப் பஞ்சு கட்டிகட்டியாகத் திரண்டு இடைவெளி விழுந்துவிடும். தலையில்லாத ஊசி அந்த இடைவெளியில் காதோடு சேர்ந்து முழுகிவிடும். குண்டூசிக்குத் தலை இருப்பதால் முழுகாது, ஆனால் பிடிமானம் இல்லாமல் ஆடும். பார்க்க எவ்வளவு அழகாக இருந்தாலும், ஊசியைப் பிடித்து வைக்காத மெத்தை எனக்கு வேண்டாம் என்று அன்றே முடிவு செய்தேன்.

புதியதற்கு மரத்தூளைத் தேர்ந்தெடுத்தேன். அந்தக் காலத்து ஊசி மெத்தைகளில் மரத்தூள், தவிடு, கம்பளி என்று பலவற்றையும் அடைத்திருக்கிறார்கள். தவிட்டில் பூச்சி வரும். கம்பளி நல்லது. ஆட்டு ரோமத்தில் இயல்பாகவே ஒரு மெழுகுப்பசை உண்டு, அதிகம் வெளுக்காத கம்பளியில் அது கொஞ்சம் மிஞ்சியிருக்கும், ஊசிக்கு இதமானது. ஆனால் என்னிடம் இருந்தது ஒரு கைப்பிடிதான். அதனால் நடுவில் மரத்தூள், மேலே கம்பளி என்று வைத்துக்கொண்டேன். மரத்தூளை இரண்டு முறை சலித்து, சிம்புகளைப் பொறுக்கி, வெயிலில் நன்றாகக் காயவைத்தேன். ஈரத் தூளை அடைத்தால் மறுபடியும் துருதானே.

மேலுறைக்கு ஒன்பது சிறு சதுரங்கள், மூன்று வரிசை, வரிசைக்கு மூன்று. வெட்டும்போது 1½ அங்குலம், தைத்து முடித்தால் 1 அங்குலம். ஆக மெத்தை 3 அங்குலச் சதுரம். உள்ளங்கையில் அடங்கும்.

துண்டுத் துணிப் பெட்டியைக் கவிழ்த்ததும் மகளும் வந்து உட்கார்ந்துவிட்டாள். பனியன் துணி இழுபடும் என்று ஒதுக்கினோம். பட்டில் குத்திய ஓட்டை மறையாது, அதையும் ஒதுக்கினோம். தலையணை உறையின் நீலக் கோடு, கிழிந்த சட்டையின் சாம்பல் கட்டம், திரைச்சீலையில் மிஞ்சிய பச்சை, அவள் குழந்தையாக இருந்தபோது போட்ட கவுனின் மஞ்சள் பூ என்று மெல்லிய பருத்தித் துணிகளாக எடுத்தோம். நிறங்களைப் பார்த்துக்கொண்டே இருந்தால் எது வெளிர், எது அடர் என்று கண்ணுக்குப் பிடிபடாது. செல்பேசியில் கறுப்பு வெள்ளைப் படமாக எடுத்துப் பார்த்தேன். உடனே தெரிந்துவிட்டது. பச்சையும் சாம்பலும் அதில் ஒரே மாதிரி இருந்தன. அவற்றைப் பக்கத்துப் பக்கத்தில் வைப்பதில் பொருளில்லை.

மஞ்சள் பூவை நான் நடுவில் வைத்தேன்.

"நடுவில் வேண்டாம் அம்மா. அங்கேதான் பொத்தான் வரும், பூ மறைந்துவிடும்" என்றாள் மகள்.

எனக்கு அது தோன்றவே இல்லை. பூ மூலைக்குப் போனது.

வெட்டும்போது நூலோட்டத்தை, அதாவது துணியில் நூல்கள் ஓடும் திசையைப் பார்க்க வேண்டும். துண்டுத் துணியில் கரை இருக்காது, அதனால் கையால் இழுத்துத்தான் பார்க்க வேண்டும். பாவு நூல் (நீளவாட்டு நூல்) வழியாக இழுத்தால் துணி அசையாது, ஊடை (குறுக்கு நூல்) வழியாகக் கொஞ்சம் இளகும், மூலைவாட்டில் இழுத்தால் ரப்பர்போல நீளும். மூலைவாட்டில் வெட்டிய சதுரம் தைப்பதற்குள்ளேயே கோணலாகிவிடும்.

இனி கால் அங்குலம். இந்த வேலையின் உயிரே அதில்தான் இருக்கிறது. ஒவ்வொரு தையலிலும் விளிம்பிலிருந்து ¼ அங்குலம் தள்ளித் தைக்க வேண்டும். ஒரே ஒரு மில்லிமீட்டர் அதிகமாகத் தள்ளினாலும் தையலின் இரு பக்கமும் குறைவதால் இரண்டு மில்லிமீட்டர் போகும். ஒரு வரிசையில் இரண்டு தையல், ஆக நான்கு. பெரிய போர்வையில் இதை எப்படியாவது சரிக்கட்டலாம். மூன்று அங்குல மெத்தையில் எங்கே ஒளிப்பது? என் முதல் வரிசை 3½ அங்குலம் வர வேண்டும். அளந்தால் சரியாக நான்கு மில்லிமீட்டர் குறைவு.

தையல் இயந்திரத்தில் துணியை அழுத்திப் பிடிக்கும் பாதத்தின் விளிம்பைக் கால் அங்குலம் என்று இத்தனை நாள் நம்பியிருந்தேன். அது கால் அங்குலம் இல்லை. இதைச் சோதிக்க எளிய வழி உண்டு. 1½ அங்குல அகலத்தில் மூன்று பட்டைகளை வெட்டி அருகருகே இணைத்து, இஸ்திரி போட்டு, நடுப்பட்டையை மட்டும் அளந்தால் போதும். அது சரியாக 1 அங்குலம் இருக்க வேண்டும். எனக்கு மூன்றாவது முறைதான் வந்தது. வந்த இடத்தில் இயந்திரத்தின் தட்டில் ஒட்டுநாடாவை நான்கைந்து அடுக்காக ஒட்டி ஒரு சிறு வரப்பு கட்டிவிட்டேன். துணி அந்த வரப்பை உரசிக்கொண்டே போனால் தையல் விலகாது. பிறகு முதல் வரிசையைப் பிரித்துத் திரும்பத் தைத்தேன்.

இஸ்திரிப் பெட்டியைத் தேய்க்காமல், தூக்கித் தூக்கி வைத்து அழுத்தினேன். முதல் வரிசையிலும் மூன்றாவதிலும் தையல் விளிம்புகளை வெளிப்பக்கமாகச் சாய்த்தேன், நடுவரிசையில் உள்பக்கமாக. இரண்டு வரிசைகளை முகத்தோடு முகம் வைக்கும்போது, எதிரெதிராகச் சாய்ந்த அந்த இரண்டு மடிப்புகளும் ஒன்றின் மேல் ஒன்று ஏறாமல் பக்கத்தில் வந்து முட்டிக்கொள்ளும். கட்டைவிரலுக்கும் சுட்டுவிரலுக்கும் இடையில் பிடித்து லேசாக நகர்த்தினால் சட்டென்று பூட்டிக்கொள்வது விரலில் தெரியும். நான் கண்ணை மூடிக்கொண்டு அந்த இடத்தைத் தேடினேன். பூட்டியதும் அங்கேயே குண்டூசி. நான்கு சந்திப்புகளில் மூன்று ஊசி முனை அளவுக்கு நேராக அமைந்தன. நான்காவது ஒரு நூல் விலகியது. அதைத்தான் இப்போதும் முதலில் பார்க்கிறேன்.

பின்பக்கத்துக்கு ஒரே துண்டாக அடர்நீலம். மரத்தூள் உள்ளிருந்து நெருக்கித் தள்ளும் என்பதால் ஒவ்வொரு தையலின் நீளத்தையும் 1½ மில்லிமீட்டராகக் குறைத்துக்கொண்டேன். மரத்தூள் கசியாமலிருக்க, நெருக்கமாக நெய்த துணியில் உள்பை ஒன்று தனியாகத் தைத்தேன். திருப்புவதற்கு உறையின் ஒரு பக்கத்தில் நான்கு சென்டிமீட்டர் வாய் விட்டேன். வாயின் இரு முனைகளிலும் முன்னும் பின்னும் ஓட்டிக் கெட்டிப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் திருப்பும்போதே தையல் விட்டுவிடும். மூலைகளை மழுங்கிய பென்சிலால் தள்ளினேன். காகிதக் கூம்பு வழியாக உள்பையில் தூளைக் கொட்டி, மேசையில் தட்டித் தட்டி இறக்கி, போதும் என்று தோன்றிய பிறகு இன்னும் நான்கு கரண்டி. கல்போல ஆக வேண்டும். அதன் மேல் கம்பளியைப் பரப்பி உறைக்குள் செலுத்தி வாயை மறைதையலால் மூடினேன். பொத்தானுக்கு நூலை இரட்டையாக்கி மெழுகு தடவி, மேலிருந்து கீழாகக் குத்தி இழுத்ததும் நடுவில் குழி விழுந்து மெத்தைக்கு வடிவம் வந்தது.

மிஞ்சிய நீலத்தில் கட்டைவிரல் அளவுக்கு ஒரு முக்கோணப் பை தைத்து, எமரி என்ற கடினமான கல்லின் தூளை அடைத்து மூலையில் தொங்கவிட்டேன். தக்காளி வடிவ ஊசி மெத்தைகளில் சின்ன ஸ்ட்ராபெரி ஒன்று தொங்குவதைப் பலர் பார்த்திருப்பீர்கள். அதற்குள் இருப்பதும் எமரிதான், ஊசியைத் துடைத்துக் கூராக்குவதற்கு. 1776-ஆம் ஆண்டில் ஆடம் ஸ்மித் ஒரு குண்டூசியைச் செய்வதற்கு ஏறத்தாழ 18 தனித்தனி வேலைகள் இருப்பதாக எழுதினார். கம்பியை இழுப்பது, நிமிர்த்துவது, வெட்டுவது, கூராக்குவது, தலை பொருத்துவது என்று நீளும் அந்தப் பட்டியல். அத்தனை கை பட்ட பொருளுக்குத் தனியாக ஒரு மெத்தை தைத்ததில் வியப்பே இல்லை.

லேசாகக் கறை படிந்திருந்த ஊசியை எமரிப் பையில் பத்துப் பதினைந்து முறை குத்தி எடுத்தேன். பளிச்சென்று வந்தது. துரு குழி விழுந்த மூன்றும் தேறவில்லை. அவை துணியில் இழையை இழுக்கும். மூடி போட்ட சிறு புட்டியில் போட்டுத் தனியாக வைத்துவிட்டேன்.

இரவு வேலை முடிந்ததும் மகள் எண்ணினாள். முப்பது குண்டூசிகள், நான்கு ஊசிகள். நான்கும் காது வெளியே தெரிய நிமிர்ந்து நிற்கின்றன.