ட்ரவுட் சினை விடுவது: பாதி படம் பிடித்தாயிற்று

ஓடையடியில் முட்டைக்குழி தோண்டும் பெண் ட்ரவுட் மீன் தெளிவாகப் பதிவாகிவிட்டது! போன பருவம் முழுக்க என் கேமரா காட்டியது வெறும் வெள்ளை மூட்டம். இந்த முறை அது வாலை அடிக்கும்போது பொடிக்கல் தெறிப்பதுகூடத் தெரிகிறது. முட்டை விழும் நொடிதான் இன்னும் சிக்கவில்லை.

இடம் நீலகிரியில் அவலாஞ்சிப் பக்கம். எந்த ஓடை என்று சொல்ல மாட்டேன், சொன்னால் அடுத்த ஞாயிறே தூண்டிலோடு ஆள் வந்து நிற்கும். ஊட்டிக்குள்ளேயே பார்க்க எனக்கும் ஆசைதான். ஆனால் கோடப்பமந்து கால்வாயில் என்ன ஓடுகிறது என்று ஊருக்கே தெரியும். ட்ரவுட்டுக்குக் குளிர்ந்த, பிராணவாயு நிறைந்த தண்ணீர் வேண்டும். ஆகவே வனத்துறை அனுமதியை வாங்கிக்கொண்டு, விடியலில் எமரால்டு ஊர் வழியாகப் பயணம்.

குழி எங்கே இருக்கும் என்பது பழகிய கண்ணுக்குத் தெரியும். மடு முடிந்து தண்ணீர் வேகமெடுக்கும் இடத்தில், பாசி உரிந்து மற்ற கற்களைவிட வெளுப்பாக ஒரு திட்டு. அங்கே தண்ணீர் சரளைக்குள் புகுந்து போவதால் உள்ளே இருக்கும் முட்டைக்கு மூச்சு கிடைக்கிறது. அந்தத் திட்டில் மட்டும் காலை வைத்துவிடாதீர்கள். கரையிலிருந்து பார்க்க, தண்ணீரின் பளபளப்பைக் குறைக்கும் போலராய்டு கண்ணாடி போதும். வெயில் முதுகுப் பக்கம் இருக்க வேண்டும், நம் நிழல் தண்ணீரில் விழக் கூடாது.

சரி, மூட்டத்துக்கு வருகிறேன். நீர்புகா உறையை வீட்டு அடுக்களையில் மூடினால் அங்குள்ள ஈரக்காற்றும் உள்ளே மாட்டிக்கொள்ளும். ஓடையில் இறக்கியதும் முன்கண்ணாடி சில்லிட்டு, அந்த ஈரம் அதில் முத்துமுத்தாகப் படியும். போதாக்குறைக்கு, கேமரா ஓட ஓடச் சூடாகி உள்ளே மிச்சமிருக்கும் ஈரத்தையும் கிளப்பிக் கண்ணாடியில் கொண்டுபோய் ஒட்டும். சோப்பு தடவினேன், எச்சில் தடவினேன், உருளைக்கிழங்கைக்கூட வெட்டித் தேய்த்தேன். எல்லாம் கொஞ்ச நேரக் கூத்து. கடைக்காரர் ஆயிரம் சத்தியம் செய்து தலையில் கட்டிய மூட்டநீக்கி திரவத்துக்கு உருளைக்கிழங்கே தேவலை.

வேலை செய்தது சிலிக்கா ஜெல். அதுவும் செருப்புப் பெட்டியில் கிடைக்கும் பொட்டலம் அல்ல, அது பெரும்பாலும் ஏற்கெனவே ஈரம் குடித்துச் செத்திருக்கும். நிறம் மாறும் வகையாக வாங்குங்கள். நீலமாக இருந்தால் காய்ந்தது, இளஞ்சிவப்பாக மாறினால் முடிந்தது. மெல்லிய சூட்டில் வறுத்தால் மறுபடி நீலமாகும். அந்த நீலத்தில் கோபால்ட் இருக்கிறது, சமையல் வாணலியைத் தொடாதீர்கள். காய்லாங்கடையில் ஒரு சட்டி வாங்கி வைத்திருக்கிறேன். முதல் நாள் இரவே உறை, கேமரா, ஜெல் மூன்றையும் காற்றுப்புகாத டப்பாவில் போட்டுவிட வேண்டும். மறுநாள் ஓடைக்கரையில், உறைபனி விழுந்த குளிர்காற்றில் வைத்து உறையை மூட வேண்டும். அந்தக் காற்றில் ஈரம் மிகக் குறைவு. படத்தின் தரத்தை ஒரு படி இறக்கினால் சூடும் குறைகிறது. இத்தனையும் செய்த பிறகு கண்ணாடி பளிச்.

பதிவில் பெண் மீன் பக்கவாட்டில் சாய்ந்து வாலை அடிக்கிறது, பிறகு அடித்துடுப்பைக் குழிக்குள் இறக்கி ஆழம் பார்க்கிறது. பக்கத்தில் பெரிய ஆண், பின்னால் வாய்ப்புக்காகக் காத்திருக்கும் ஒரு பொடியன். முட்டையிடும் நேரத்தில் ஜோடி இரண்டும் வாயைப் பிளந்து உடல் நடுங்கும். உடனே பெண் நீரோட்டத்துக்கு எதிராகச் சற்று முன்னே போய்த் தோண்டும், அந்தச் சரளை வந்து முட்டையை மூடும். எனக்கு வாய் பிளப்பதற்கு முன்பே பேட்டரி போய்விட்டது. குளிரில் பேட்டரி படுத்துக்கொள்வது தனிக் கதை.

பசிபிக் சால்மன் இனங்களும் நம் ரெயின்போ ட்ரவுட்டும் ஒரே பேரினம். அந்தச் சால்மன்களில் பெரும்பாலானவை சினை விட்டதும் செத்துப்போகும். ட்ரவுட் பிழைத்து அடுத்த வருடமும் வரும். 1860களில் மீன் ஆய்வாளர் பிரான்சிஸ் டே நீலகிரிக்கு ட்ரவுட் கொண்டுவரப் பார்த்தார், நடக்கவில்லை. பிறகு மீன்வளர்ப்பு நிபுணர் எச். சி. வில்சன் காலத்தில்தான் மீன் நிலைத்தது, 1907இல் அவலாஞ்சியில் மீன்குஞ்சுப் பொரிப்பகம் வந்தது. பொரிப்பகத்தில் இதே காரியம் கையால் நடக்கும்: வயிற்றை நீவி முட்டையை உலர்ந்த பாத்திரத்தில் இறக்கி, ஆணின் விந்தைக் கலந்து, அதற்குப் பிறகே தண்ணீர். கோழி இறகால் கலக்கும் பழக்கமும் உண்டு. அதைப் படமெடுக்கவும் அனுமதி கேட்க வேண்டும்.

அதற்கு முன் தண்ணீரின் வெப்பத்தைத் தானாகவே குறித்துவைக்கும் கருவி ஒன்று வேண்டும். 10 டிகிரியில் முட்டை பொரிக்க ஏறக்குறைய ஒரு மாதம், குளிர் கூடினால் நாளும் கூடும். பொரித்த குஞ்சு மஞ்சள்கருப் பையோடு சரளைக்குள்ளேயே இன்னும் சில வாரம் கிடக்கும். நடுவில் ஒரு மழை பிடித்து மேலே கேரட் தோட்டத்து மண் இறங்கினால் குழியே அடைத்துப்போகும். கோவையில் அந்தக் கருவிக்குச் சொல்லும் விலை என் கேமரா விலையைத் தொடுகிறது. மலிவான உணரியை வாங்கி மெழுகு ஊற்றி அடைத்துப் பார்க்கப் போகிறேன். யாராவது முன்பே செய்திருந்தால், எந்த மெழுகு விரிசல் விடாது என்று சொல்லுங்கள்.