தொண்ணூற்றொன்பதில் ஒரு கச்சேரி

மியெச்சிஸ்வாஃப் ஹொர்ஷோவ்ஸ்கி. பெயரைச் சொல்லவே கொஞ்சம் பழக வேண்டும். 1892ல் பிறந்த பியானோ கலைஞர். கடைசிக் கச்சேரியை 1991ல் பிலடெல்ஃபியாவில் வாசித்தபோது வயது 99!

சின்ன வயதில் மேதை என்று ஊர் ஊராக வாசித்தவர். ஆனால் அப்புறம் பல காலம் செல்லோ மேதை பாப்லோ கசால்ஸ் போன்றவர்களோடு சேர்ந்து வாசிப்பதும், கர்டிஸ் இசைப்பள்ளியில் பாடம் சொல்லித்தருவதுமாகப் போனது. தனிக் கச்சேரிக்காரராக உலகம் அவரைக் கொண்டாடியது தொண்ணூறை ஒட்டித்தான். பார்வை மங்கிவிட்டது, நினைவிலிருந்தே வாசித்தார். கை வேறு சின்னக் கை.

அந்தக் கடைசிக் காலப் பதிவுகளைத்தான் இப்போது திரும்பத் திரும்பக் கேட்கிறேன். இசையமைப்பாளர் ஷோபானின் நாக்டர்ன் (இரவின் அமைதியை நினைவூட்டும் சிறு பியானோ இசை) ஒன்றை வாசிக்கிறார், ஒரு சுரம்கூட தன்னைக் காட்டிக்கொள்ள வரவில்லை. இடது கை மெல்லப் பேச, வலது கை பாடுகிறது. வேகம் குறைந்திருக்கலாம், தெளிவு கூடியிருக்கிறது. இளமையில் இப்படி வாசிக்க முடியாது என்றே நினைக்கிறேன்.

காரைக்குடி வீட்டில், பட்டாலையில் உட்கார்ந்து அப்பத்தாவுக்கும் போட்டுக் காட்டினேன். சாம்பசிவ ஐயர் வீணையைப் பற்றிக் கேட்டு வளர்ந்தவர். பியானோ பழக்கமில்லை. கண்ணை மூடிக் கேட்டுவிட்டு, "இவருக்கு அவசரமே இல்லையேப்பா" என்றார். எந்த விமர்சகரும் எனக்கு இவ்வளவு சரியாகச் சொல்லவில்லை.

1990ல் நியூயார்க் கார்னகி ஹாலிலும் வாசித்திருக்கிறார். அடுத்து அதைத் தேடிக் கேட்கப் போகிறோம், அப்பத்தாவும் நானும்.