தாள் அடுக்கும் வேலை

விமானப் பராமரிப்பு நிறுவனமொன்றில் ஆவணப் பிரிவில் இருக்கும் என்னிடம், விடுமுறைக்கு மண்டபம் ஊருக்கு வந்த அன்றே, தாள் அடுக்குவதற்கா இவ்வளவு படித்தாய் என்று சித்தப்பா கேட்டார். 1990 ஜூனில், பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானமொன்றின் முன்கண்ணாடியை மாற்றியவர், உதிரிபாகப் பட்டியலைப் பார்க்காமல், கழற்றிய போல்ட்டோடு கண்ணளவில் ஒப்பிட்டுப் புதியவற்றைப் பூட்டியதையும், 90 போல்ட்டுகளில் 84 விட்டம் குறைந்தவையாக இருந்ததால் 17,300 அடி உயரத்தில் கண்ணாடி பிய்த்துக்கொண்டு போய், விமானி இடுப்புவரை வெளியே இழுக்கப்பட்டதையும் சொன்னேன். (அவர் பிழைத்தது பெரும் அதிசயம்.)

உற்பத்தியாளர் கையேட்டைத் திருத்தியதும், விமானங்களை நிறுத்திப் பழுதுபார்க்கும் ஹேங்கரில் ஒளிந்திருக்கும் பழைய அச்சுத்தாள்களைத் தேடி அகற்றுவதே எங்களுக்குப் பாதி வேலை. சென்ற மாதம், ஒரு கருவிப்பெட்டியின் மூடிக்குள் போல்ட்டுகளை எவ்வளவு இறுக்க வேண்டும் என்று காட்டும், கிரீஸ் படிந்த முறுக்குவிசை அட்டவணை ஒன்று ஒட்டியிருந்தது. அது இரண்டு திருத்தங்களுக்கு முந்தையது.

சித்தப்பா எழுந்துபோய்த் தம் விசைப்படகின் எஞ்சின் கையேட்டைத் தேடி எடுத்தார். உப்புக்காற்றில் அதன் பக்கங்கள் ஒன்றோடொன்று ஒட்டிப்போயிருந்தன.