மது ஊற்றாத கிண்ணம்

ஐரிஷ் எழுத்தாளர் ஆஸ்கர் வைல்டின் வரிகள் காலண்டர் தாள்களிலும் வாட்ஸப் வாழ்த்துகளிலும் துண்டு துண்டாக வந்து விழும்போதெல்லாம் எனக்கு வருத்தமே மேலிடுகிறது. அவை பிறந்த இடத்தோடு சேர்த்து வாசித்தால்தான் அவற்றின் முழுக்கனமும் தெரியும் என்பது என் உறுதியான எண்ணம்.

"உண்மை தூய்மையாக இருப்பது அரிது, எளிமையாக இருப்பது ஒருபோதும் இல்லை" என்ற வரி, 1895 பிப்ரவரி 14 அன்று லண்டன் செயின்ட் ஜேம்ஸ் அரங்கில் முதன்முதலாக மேடையேறிய அவருடைய நகைச்சுவை நாடகத்தில் வருகிறது. கிராமத்தில் ஒரு பெயரும் நகரத்தில் வேறொரு பெயருமாக வாழும் ஜாக், தன் ரகசியத்தை நண்பன் அல்ஜெர்னனிடம் விளக்கிவிட்டு, இதுதான் முழு உண்மை என்கிறான். அப்போது, 'கலப்பற்ற' என்ற பொருளில் ஆங்கிலேயர் அன்றாடம் உதிர்க்கும் 'தூய்மை, எளிமை' என்ற இரட்டைச் சொல்லையும் அவன் பழக்கத்தால் சேர்த்துக்கொள்ள, அல்ஜெர்னன் அவ்விரண்டையும் பிரித்தெடுத்துத் தனித்தனியே மறுக்கிறான். தமிழில் அப்படியொரு இரட்டைச் சொல் இல்லாததால், மொழிபெயர்ப்பில் நமக்குக் கருத்து மட்டுமே மிஞ்சுகிறது. தேய்ந்துபோன ஒரு வழக்குத்தொடரைத் தட்டிப் பார்த்து உள்ளே பொருள் இருக்கிறதா என்று சோதிக்கும் அந்தச் செயல் கைநழுவிவிடுகிறது.

அதே ஆண்டு ஏப்ரலில் இத்தகைய வரிகள் நீதிமன்றம் ஏறின. தன்னை ஒருபாலுறவாளர் என்று பழித்த குவீன்ஸ்பெரி பிரபுவின் மீது வைல்ட் தொடுத்த அவதூறு வழக்கில், பிரபுவின் வழக்கறிஞர் எட்வர்ட் கார்சன், ஆக்ஸ்போர்டு மாணவர் இதழொன்றில் 1894 டிசம்பரில் வெளிவந்திருந்த வைல்டின் பொன்மொழிகளை ஒவ்வொன்றாக வாசித்து விளக்கம் கேட்டார். "உண்மையென நிரூபிக்கப்படும்போது மதங்கள் இறக்கின்றன" என்பதை ஏற்கிறீர்களா என்ற கேள்விக்கு வைல்ட் ஆம் என்றார். ஒன்றுக்கு மேற்பட்டோர் நம்பினால் உண்மை உண்மையாக இராது என்ற வரியையும் அவர் கைவிடவில்லை. இரு மனங்கள் ஒன்றுபோல் உணர இயலாத அளவுக்கு உண்மை அந்தரங்கமானது என்று விளக்கமளித்தார். கூண்டில் நின்றுகொண்டு, தன் சொல்லைத் தளர்த்திக்கொள்ளாமல் அவர் அளித்த இந்த விடையை நான் பலமுறை வாசித்திருக்கிறேன்.

வழக்கு தோற்றது, தொடர்ந்து அவர் மீதே குற்றவழக்கு பாய்ந்து, மே 25 அன்று இரண்டாண்டுக் கடுங்காவல் விதிக்கப்பட்டது.

ரெடிங் சிறையில் 1897-இன் தொடக்கத்தில் அவர் எழுதிய நீண்ட கடிதத்தில், நம்ப இயலாதவர்களுக்கென ஒரு துறவியர் சபை அமைக்க விரும்புவதாக ஓரிடத்தில் கூறுகிறார். அந்தச் சபையின் பலிபீடத்தில் மெழுகுவர்த்தி எரியாது. மனத்தில் அமைதியே குடிகொள்ளாத குரு ஒருவர், ஆசீர்வதிக்கப்படாத அப்பத்தையும் மது ஊற்றாத கிண்ணத்தையும் கொண்டு வழிபாடு நடத்துவார். உண்மையாக வேண்டுமாயின் எதுவும் மதமாக வேண்டும் என்று அதையடுத்து எழுதுகிறார். மதங்கள் இறப்பதைப் பற்றி நீதிமன்றத்தில் அவர் விட்டுக்கொடுக்காத வரிக்கு இது நேரெதிர் என்று சிலருக்குத் தோன்றலாம். எனக்கு அப்படித் தோன்றவில்லை. நிரூபணத்தில் அடங்கிவிடாத ஒன்றைத்தான் அவர் இரண்டு இடத்திலும் நம்பிக்கை என்கிறார். முதலில் அதைச் சுருக்கென்று சொன்னார், பிறகு அது இல்லாத வெறுமையை அருகிருந்து பார்த்து எழுதினார்.

1900 நவம்பர் 30 அன்று பாரிஸில் ஒரு விடுதி அறையில் 46 வயதில் அவர் இறந்தார். அதற்கு முந்தைய நாள் கத்தோலிக்கக் குரு ஒருவர் வந்து அவரைத் திருச்சபையில் சேர்த்துக்கொண்டபோது, அவரால் பேச இயலவில்லை.