மதிப்பெண் பதிவேட்டிலிருந்து விரிதாளுக்கு

எக்செல் என்ற விரிதாள் மென்பொருளைக் கற்றுக்கொள்ள முடிவு செய்தபோது, கூட்டலும் சராசரியும் தாமாக வந்துவிட்டால் போதும் என்றுதான் நினைத்திருந்தேன். அவை விரைவிலேயே கைவந்துவிட்டன. அதற்குப் பின் நேரம் பிடித்ததெல்லாம், மதிப்பெண் இடும்போது இத்தனை காலமும் மனத்துக்குள்ளேயே வைத்திருந்த விதிகளைச் சூத்திரமாக எழுதும் அளவுக்குத் தெளிவாக்கிக்கொள்வதுதான்.

தேர்வுக்கு வராத மாணவரின் கட்டத்தில் எதை இடுவது? 20 மதிப்பெண்ணுக்கான மூன்று தேர்வுகளில் ஒருவர் முதல் இரண்டில் 18, 16 பெற்று, மூன்றாவதற்கு வரவில்லை எனக் கொள்வோம். கட்டத்தை வெறுமையாக விட்டால், சராசரி காணும் ஆவரேஜ் சார்பு (சார்பு என்பது எக்செலிலேயே அமைந்திருக்கும் ஆயத்தக் கணக்கீடு) அதைக் கணக்கில் சேர்க்காமல் 17 என்று தரும். அதே இடத்தில் 0 இட்டால் விடை 11.33 ஆகிவிடும். கணிதப்படி இரண்டுமே சரி. உடல்நலமின்றி வராதவருக்கு எது, காரணமின்றி வராதவருக்கு எது என்பதை ஆசிரியர்தான் வகுக்க வேண்டும். பதிவேட்டில் சிவப்பு மையால் ஒரு கோடு இழுத்துவிட்டு ஆண்டு இறுதியில் பார்த்துக்கொள்ளலாம் என்று தள்ளிப்போட முடிந்த முடிவை, விரிதாள் முதல் தேர்விலேயே கேட்டுவிடுகிறது.

இதற்கு மாற்றாகச் சிலர் அந்தக் கட்டத்தில் ‘வரவில்லை’ என்று எழுதுவார்கள். சராசரிக்கு அதனால் கேடில்லை. சார்பு எழுத்துகளைக் கண்டுகொள்ளாது. ஆனால் எக்செலில் ஓர் எழுத்துச் சொல்லை எண்ணோடு ஒப்பிட்டால், சொல்லே எப்போதும் பெரியதாகக் கொள்ளப்படும். எனவே, 40 அல்லது அதற்கு மேல் இருந்தால் ‘தேர்ச்சி’ என்று காட்டும் சூத்திரம், தேர்வுக்கே வராதவருக்கும் மனமுவந்து தேர்ச்சி வழங்கிவிடும்! கட்டத்தில் இருப்பது எண்தானா என்று முதலில் சோதித்துவிட்டுப் பிறகு ஒப்பிடும்படி சூத்திரத்தை அமைப்பதே இதற்கு வழி.

தசமப் புள்ளிகளும் இதுபோலவே ஏமாற்றக்கூடியவை. தசமம் காட்ட வேண்டாம் என்று கட்டத்தை அமைத்திருந்தால் 39.5 என்பது கண்ணுக்கு 40 ஆகத் தெரியும். உள்ளே இருப்பது 39.5 தான். பக்கத்துக் கட்டத்தில் ‘தேர்ச்சியில்லை’ என்று வந்து நிற்கும்போது, பெற்றோருக்கு விளக்கம் சொல்ல வேண்டியவர் ஆசிரியர். ரவுண்ட் சார்பைக் கொண்டு மதிப்பையே முழுமையாக்குவதா, அரை மதிப்பெண்ணை அப்படியே விடுவதா என்பதும் முன்கூட்டியே எடுக்க வேண்டிய முடிவு.

மாணவர் பெயர்கள் ஒரு நெடுவரிசையிலும் மதிப்பெண்கள் மற்றொன்றிலும் இருக்கையில், ஒன்றை மட்டும் தேர்ந்தெடுத்து வரிசைப்படுத்தினால் ஒருவருடைய மதிப்பெண் இன்னொருவருக்குப் போய்விடும் என்பதைப் புதிதாகக் கற்பவர்கள் நினைவில் வைக்க வேண்டும். அப்படிச் செய்யும்போது எக்செல் எச்சரிக்கும். அந்த எச்சரிக்கையைப் படித்துவிட்டே மேலே செல்ல வேண்டும்.

மொத்த மதிப்பெண்ணை மட்டும் பதிந்துகொண்டிருந்தவரை விரிதாள் எனக்கு ஓர் எழுத்தர் மட்டுமே. கேள்விக்கு ஒரு நெடுவரிசை என்று பிரித்துப் பதியத் தொடங்கியபின்தான் அது கற்பித்தலுக்குள் வந்தது. ஒவ்வொரு நெடுவரிசையின் அடியிலும் சராசரியைப் போட்டுவிட்டு, குறைந்த மதிப்புகள் நிறம் மாறித் தெரியும்படி நிபந்தனை வடிவமைப்பை அமைத்தால், வகுப்பு எந்தப் பாடத்தில் தடுமாறுகிறது என்பது பளிச்சென்று தெரிகிறது. மொத்தத்தின்படி வரிசைப்படுத்திப் பார்த்தால் இன்னொன்றும் புலப்படும். மேலே இருப்பவர்கள் சரியாகவும் கீழே இருப்பவர்கள் தவறாகவும் எழுதிய கேள்வி தன் வேலையைச் செய்திருக்கிறது. மேலே இருப்பவர்களே பெரும்பாலும் தவறவிட்ட கேள்வியில், வினாவின் வாசகமோ விடைக்குறிப்போ பிசகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கேள்விவாரியாகப் பதிவது அலுப்பான வேலைதான். ஆனாலும் அடுத்த வாரம் எதை மீண்டும் நடத்துவது என்பதற்கு இதைவிட நல்ல சான்று எனக்குக் கிடைத்ததில்லை.

வகுப்பறையில் திரையிட்டுப் பயன்படுத்துவது விரிதாளின் பிறப்போடு ஒட்டியதுதான். ஹார்வர்டு வணிகப் பள்ளியில் படித்துக்கொண்டிருந்த டான் பிரிக்ளின், ஆசிரியர் கரும்பலகையில் ஓர் எண்ணை மாற்றினால் அதைச் சார்ந்த எல்லாவற்றையும் அழித்து எழுத வேண்டியிருப்பதைக் கண்டே இந்த எண்ணத்துக்கு வந்தார். பாப் பிராங்ஸ்டனுடன் சேர்ந்து அவர் உருவாக்கிய விசிகால்க் என்ற விரிதாள் மென்பொருள் 1979இல் ஆப்பிள் 2 கணினிக்காக வெளிவந்தது. வகுப்பறைத் திரையில் 40, 45, 50, 55, 60 என்ற ஐந்து எண்களை இட்டு, சராசரியும், வரிசையின் நடுவில் நிற்கும் எண்ணான இடைநிலையும் 50 என்று காட்டிவிட்டு, கடைசி எண்ணை 100 ஆக மாற்றிப் பாருங்கள். சராசரி 58க்குத் தாவும், இடைநிலை அசையாது. அடுத்து, தற்செயலாக எண்களைத் தரும் ராண்ட்பிட்வீன் சார்பால் 1 முதல் 6 வரையிலான எண்களை 30 கட்டங்களில் நிரப்பி, ஒவ்வோர் எண்ணும் எத்தனை முறை வந்தது என்பதை எண்ணிப் பட்டை வரைபடமாக்கி, எஃப்9 விசையை அழுத்தினால் ஒவ்வொரு முறையும் பட்டைகள் துள்ளிக் குதிக்கும். கட்டங்களை 3000 ஆக்கினால் அவை ஏறத்தாழச் சம உயரத்தில் நின்றுவிடுகின்றன. விசையை அழுத்த மாணவர்களிடையே போட்டியே நடக்கும்.

திரையிடும் கோப்பும் மதிப்பெண் கோப்பும் எப்போதும் தனித்தனியாகவே இருக்கட்டும். நெடுவரிசையை மறைத்து வைப்பது பாதுகாப்பாகாது. கோப்பைப் பெறும் எவரும் அதை மீண்டும் திறந்து பார்த்துவிடலாம். ஒரு மாணவரின் விவரத்தைப் பெற்றோருக்கு அனுப்ப வேண்டுமானால், அந்த வரிசையின் மதிப்புகளை மட்டும், சூத்திரங்களை விட்டுவிட்டு, புதிய கோப்பொன்றில் ஒட்டி அனுப்புகிறேன்.