டிஎஸ் வாங்கியவர் பிஎஸ்பியை வாங்கியிருப்பாரா?

2004ஆம் ஆண்டு டிசம்பரில், பத்தே நாள் இடைவெளியில், ஜப்பானியக் கடைகளுக்கு இரண்டு கையடக்க கேம் கருவிகள் வந்தன: 2ஆம் தேதி நின்டெண்டோவின் டிஎஸ், 12ஆம் தேதி சோனியின் பிஎஸ்பி. அன்றிலிருந்து இவ்விரண்டையும் எதிரெதிரே நிறுத்தி யார் வென்றார் என்று கணக்குப் பார்ப்பதே வழக்கமாகிவிட்டது. டிஎஸ் விற்றது ஏறத்தாழ 15.4 கோடி, பிஎஸ்பி சுமார் 8 கோடி. ஆகவே பிஎஸ்பி தோற்றது என்கிறார்கள். இந்தத் தீர்ப்பை என்னால் ஏற்க முடியவில்லை.

ஒருவருக்குப் போன வாடிக்கையாளர் மற்றவருக்கு வரவேண்டியவராக இருந்தால்தான் அதைப் போட்டி என்று சொல்ல முடியும். பிஎஸ்பிக்கு முன் நின்டெண்டோவை எதிர்த்து வந்த சேகா நிறுவனத்தின் கையடக்கக் கருவியான கேம் கியர் ஒரு கோடியைச் சற்றே தாண்டியதோடு நின்றது. பிஎஸ்பியோ நின்டெண்டோவின் முந்தைய கருவியான கேம் பாய் அட்வான்ஸ் விற்ற அளவை நெருங்கியது. அப்படியானால் டிஎஸ்ஸின் கூடுதல் கோடிகள் எங்கிருந்து வந்தன? 2005 மே மாதம் ஜப்பானில் வெளியான மூளைப் பயிற்சி கேமை ஆடிப் பார்த்தவர்களுக்கு விடை தெரியும். கருவியைப் புத்தகம்போல் நிமிர்த்திப் பிடித்துக்கொண்டு, ஒரு பக்கத்தில் தோன்றும் கூட்டல் கணக்குக்கு மறுபக்கத் தொடுதிரையில் குச்சிப் பேனாவால் விடை எழுத வேண்டும். கடைசியில் அது நம் மூளையின் வயதைச் சொல்லும். வாழ்நாளில் கேம் பொத்தானையே தொட்டிராத நடுவயதினர் அதற்காகக் கருவி வாங்கினார்கள். பிஎஸ்பியின் 4.3 அங்குல அகலத் திரையோ, வட்டில் வந்த திரைப்படங்களோ அவர்கள் கண்ணில் பட்டிருக்கவே வாய்ப்பில்லை. அமெரிக்காவில் 150 டாலருக்கு டிஎஸ் கிடைத்தபோது 250 டாலர் கொடுத்து பிஎஸ்பி வாங்கியவர், பெரும்பாலும் வீட்டில் சோனியின் டிவி கேம் கருவியான பிளேஸ்டேஷன் வைத்திருந்த இளைஞர்.

ஆனாலும் போட்டியே இல்லை என்று அடித்துச் சொல்லிவிட முடியாது. மான்ஸ்டர் ஹன்டர் என்ற ஒரு கேம் தொடர் அப்படிச் சொல்ல விடாது. நான்கு பேர் அருகருகே அமர்ந்து சேர்ந்து வேட்டையாடும் அந்த கேமுக்காகவே ஜப்பானில் பிஎஸ்பி வாங்கியவர்கள் ஏராளம். நண்பர்கள் மூவரிடம் அது இருக்கும்போது நான்காமவர் வேறெதை வாங்குவார்? கேமின் பார்வைக் கோணத்தை, அதாவது கேமராவை, திருப்ப பிஎஸ்பியில் இரண்டாவது குமிழ் இல்லாததால், இடது கட்டைவிரல் ஆளை நகர்த்தும் குமிழில் இருக்க, ஆள்காட்டி விரலைக் கொக்கிபோல் வளைத்து மேலே உள்ள திசைப் பொத்தான்களை அழுத்திக் கேமராவைத் திருப்புவார்கள். அரைமணி நேரத்தில் விரல் மரத்துப்போகும். ஆனாலும் யாரும் விட்டதில்லை.

2011இல் அந்தத் தொடரை, அதை உருவாக்கிய கேப்காம் நிறுவனம், டிஎஸ்ஸுக்கு அடுத்து வந்த நின்டெண்டோவின் 3டிஎஸ் பக்கம் கொண்டுபோனது. பிஎஸ்பிக்கு அடுத்த சோனி கருவியான வீட்டா டிசம்பர் 17 அன்று கடைக்கு வருவதற்குச் சரியாக ஒரு வாரம் முன்பு, 3டிஎஸ்ஸில் மான்ஸ்டர் ஹன்டர் வெளியானது, இரண்டாவது குமிழைச் சேர்த்துக்கொள்ளத் தனி இணைப்போடு. 3டிஎஸ்ஸின் விலையும் ஆகஸ்டிலேயே 25,000 யென்னிலிருந்து 15,000 யென்னுக்கு இறங்கியிருந்தது. அதே வேட்டைக்காரர், அதே பணம், ஒரு கருவிதான் வாங்க முடியும்: உண்மையான போட்டி என்று நான் ஒப்புக்கொள்வது இந்த ஒரு தருணத்தைத்தான்.

இன்று நின்டெண்டோவின் ஸ்விட்சையும், கணினி கேம்களை ஆடும் கையடக்கக் கருவியான ஸ்டீம் டெக்கையும் அருகருகே வைத்துப் பேசுகிறவர்கள் விலையையும் திரையையும் ஒப்பிடுகிறார்கள். ஸ்டீம் டெக் வாங்குபவரோ, கணினியில் ஏற்கெனவே வாங்கிக் குவித்த கேம்களைப் படுக்கையில் சாய்ந்துகொண்டு ஆடத்தான் பெரும்பாலும் அதை வாங்குகிறார். மரியோவுக்காக வாங்கிய ஸ்விட்ச் ஒன்றும் அவர் வீட்டில் இருந்தால் நான் வியப்படைய மாட்டேன்.