நியூ எரிடனியின் துடிப்பைக் கேமராவில் பிடித்த அனுபவம்

ஓரியன் மண்டலத்தில் ரிகெல் என்ற நட்சத்திரம் எங்கே இருக்கிறது என்று தெரிந்தவர்களுக்கு நியூ எரிடனி என்ற நட்சத்திரத்தைக் கண்டுபிடிப்பது பெரிய வேலை இல்லை. ரிகெலுக்குப் பக்கத்தில் கொஞ்சம் வடமேற்கே குர்சா என்ற பிரகாசமான நட்சத்திரம் இருக்கும். அதிலிருந்து மேற்கே போனால் ஒமேகா, மியூ, நியூ என்று எரிடானஸ் மண்டலத்து நட்சத்திரங்கள் வரிசையாக வரும். நியூவின் வெளிச்சம் ஏறத்தாழ 3.9 மேக்னிடியூட் (நட்சத்திர வெளிச்சத்தின் அளவு, எண் குறையக் குறைய வெளிச்சம் அதிகம்), அதனால் ஓரளவு இருட்டான வானம் இருந்தாலே வெறும் கண்ணுக்குத் தெரியும். இந்த நட்சத்திரம் 4 மணி 10 நிமிடத்துக்கு ஒருமுறை விரிந்து சுருங்குகிறது என்று படித்த நாளிலிருந்து அதை என் கையாலேயே அளந்து பார்க்க வேண்டும் என்ற ஆசை விடவே இல்லை. கடந்த குளிர்காலத்தில் அது நடந்தது. எப்படிச் செய்தேன் என்று எழுதி வைக்கிறேன், தமிழில் இதைப் பற்றித் தேடுகிறவர்களுக்கு உதவும்.

முதலில் நட்சத்திரத்தைப் பற்றிக் கொஞ்சம். இது பீட்டா செபி வகை மாறி (வெளிச்சம் மாறிக்கொண்டே இருக்கும் நட்சத்திரம்), அதாவது சூரியனைப் போல ஒன்பது பத்து மடங்கு நிறையும் 22,000 கெல்வின் அளவுக்கு மேற்பரப்பு வெப்பமும் உள்ள நீல வெள்ளை நட்சத்திரம். இந்த வகைக்குப் பெயர் கொடுத்த பீட்டா செபியின் நிறமாலைக் கோடுகள் முன்னும் பின்னும் நகர்வதை வானியலாளர் எட்வின் ஃப்ராஸ்ட் 1900களின் தொடக்கத்திலேயே பார்த்துவிட்டார். ஏன் துடிக்கிறது என்பதற்கு விடை கிடைக்கத்தான் 1990கள் வரை ஆனது. நட்சத்திரத்துக்குள் வெப்பம் 2 லட்சம் கெல்வின் அளவில் இருக்கும் ஓர் அடுக்கில் இரும்பு அணுக்கள் உள்ளிருந்து வரும் ஒளியை அதிகமாக உறிஞ்சுகின்றன. அடுக்கு சுருங்கும்போது ஆற்றல் வெளியேற முடியாமல் தேங்குகிறது, தேங்கிய ஆற்றல் அடுக்கை வெளியே தள்ளுகிறது, விரிந்ததும் ஆற்றல் கசிந்து போய் மறுபடியும் சுருக்கம். கொதிக்கும் பாத்திரத்தின் மூடி எழுந்து எழுந்து விழுவதைப் போல என்று வைத்துக்கொள்ளலாம். இரும்பு இவ்வளவு ஒளியை மறிக்கும் என்பது பழைய கணக்குகளில் சரியாக வரவில்லை, அணுக்களின் ஒளிபுகாமையைப் புதிதாகக் கணக்கிட்ட பிறகுதான் கணக்கிலும் இந்த நட்சத்திரங்கள் துடிக்கத் தொடங்கின.

சரி, வேலைக்கு வருவோம். நியூவின் முக்கியத் துடிப்பில் உச்சத்துக்கும் தாழ்வுக்கும் உள்ள வித்தியாசம் கண் காணும் ஒளியில் 0.07 மேக்னிடியூட்தான். மற்ற துடிப்புகளும் கைகோத்துக்கொண்டால் இதைவிடக் கூடும். நன்றாகப் பழகிய கண்ணுக்கே 0.1 என்பது எல்லை, எனவே கேமராதான் வழி. சாதாரண டிஎஸ்எல்ஆர், 50 மிமீ லென்ஸ், அசையாத முக்காலி, நேர இடைவெளி விட்டுத் தானாகப் படமெடுக்கும் ரிமோட், இவ்வளவுதான் என்னிடம் இருந்தது. ஃபோகஸைக் கொஞ்சம் கலைத்து வைக்க வேண்டும். அழகான படம் வேண்டுமென்றால் இது கொடுமை, ஆனால் நட்சத்திரம் சின்னப் புள்ளியாக விழுந்தால் சில பிக்சல்கள் நிரம்பி வழிந்து அளவு கெட்டுவிடும், வட்டமாகப் பரவி விழுந்தால் அந்தப் பிரச்சினை இல்லை. ரா ஃபார்மட்டில், குறைந்த ஐஎஸ்ஓவில், 10 நொடி படங்களாக எடுத்துக்கொண்டே போனேன். காற்று கலங்குவதால் ஒவ்வொரு படத்திலும் வெளிச்சம் தாறுமாறாக மாறும். 20 படங்களின் சராசரியை ஒரே புள்ளியாக எடுத்தால் ஏறத்தாழ 0.01 மேக்னிடியூட் துல்லியம் கிடைக்கிறது, அது போதும். லென்ஸில் பனி படியாமல் இருக்க வெப்பப் பட்டை கட்டுங்கள், கேமரா கடிகாரத்தை ஒவ்வொரு இரவும் சரி செய்யுங்கள்.

உண்மையான கஷ்டம் வேறு இடத்தில் இருக்கிறது. ஒரு நட்சத்திரம் மாறுகிறது என்று சொல்ல மாறாத இன்னொன்று பக்கத்தில் வேண்டும். நியூவுக்குப் பக்கத்திலேயே, ஏறத்தாழ அதே வெளிச்சத்தில், அதே நீல வெள்ளை நிறத்தில் மியூ எரிடனி இருக்கிறது. பார்த்தவுடன் இதைத்தான் எடுக்கத் தோன்றும். ஆனால் 2004இல் வெளியான ஆய்வு ஒன்றில் 11 தொலைநோக்கிகளை வைத்து 600 மணி நேரத்துக்கு மேல் நியூவை அளந்தபோது ஒப்பீட்டுக்கு எடுத்த மியூவும் மாறி என்று தெரிய வந்தது. மியூ ஒன்றரை நாளுக்குச் சற்று அதிகமான காலத்தில் மெதுவாகத் துடிக்கிறது. அது மட்டுமில்லை, துணை நட்சத்திரம் ஒன்று அதை 7 நாள் 9 மணிக்கு ஒருமுறை கொஞ்சமாக மறைக்கவும் செய்கிறது. இரண்டாவது ஒப்பீட்டு நட்சத்திரமான க்சை எரிடனியும் மிகச் சிறிய அளவில் துடிப்பதுதான் என்று பிறகு உறுதியானது. இதைப் படித்தபோது உண்மையிலேயே புல்லரித்தது. நிலையானது என்று நாம் நம்பும் வானத்தில் நிலையான ஒன்றைத் தேடிப் பிடிப்பது இவ்வளவு கஷ்டமா!

அதனால் ஒரே ஒரு நட்சத்திரத்தை நம்பவில்லை. ஒமேகா எரிடனியோடு படத்துக்குள் விழுந்த வேறு சில நட்சத்திரங்களையும் சேர்த்துக்கொண்டேன். ஒவ்வொன்றையும் மற்றவற்றின் சராசரியோடு ஒப்பிட்டு வரைந்து, இரவு முழுவதும் கோடு நேராகப் போனவற்றை மட்டும் வைத்துக்கொண்டேன். இன்னொன்றையும் கவனிக்க வேண்டும். நட்சத்திரம் அடிவானத்தை நோக்கி இறங்கும்போது காற்று நீல ஒளியைத்தான் அதிகம் விழுங்கும். நியூ நீலம், ஒமேகா அவ்வளவு நீலமில்லை. அந்த நேரத்துப் புள்ளிகளைப் பார்த்தால் நியூ மங்கிக்கொண்டே போவதாகத் தோன்றும், அது துடிப்பு இல்லை. 30 பாகைக்குக் கீழே போன படங்களைத் தயங்காமல் ஒதுக்கிவிடுங்கள்.

வானப் படங்களைக் கையாளும் சிரில் மென்பொருளில் பச்சை, நீலப் பிக்சல்களைத் தனித்தனியாகப் பிரித்து அளந்தேன். முதல் இரவின் பச்சைப் புள்ளிகளை வரைந்தபோது, கொஞ்சம் சிதறலோடு, ஆனால் சந்தேகமே இல்லாமல், ஏறி இறங்கி மறுபடியும் ஏறத் தொடங்கும் ஓர் அலை. நீலத்தில் அதே அலை இன்னும் கொஞ்சம் உயரமாக வந்தது. விரிந்து சுருங்கும்போது நட்சத்திரத்தின் வெப்பமும் மாறுகிறது, சூடான நட்சத்திரத்தில் அந்த மாற்றம் நீலத்திலும் புற ஊதாவிலும்தான் அதிகமாகத் தெரியும். நூற்றுக்கணக்கான ஒளியாண்டுகள் தள்ளியிருக்கும் ஒரு நட்சத்திரம் சூடாகி ஆறுவதை என் முக்காலிக் கேமரா பார்த்திருக்கிறது. அன்றைக்குத் தூக்கமே வரவில்லை.

அடுத்தடுத்த இரவுகளில் உச்சம் ஏறத்தாழ ஒரு மணி நேரம் தள்ளித் தள்ளி வரும், ஏனென்றால் ஆறு துடிப்புகள் முடிய 25 மணி ஆகிறது. சில இரவுகளில் அலை பெரியதாக இருக்கும், சில நாள் கழித்துப் பார்த்தால் பாதியாகக் குறைந்திருக்கும். கருவியில் கோளாறு என்று நினைத்துவிடாதீர்கள். முக்கியத் துடிப்பு நட்சத்திரம் முழுவதும் ஒன்றாக விரிவது. அதற்கு மிக நெருக்கமான காலங்களில் இன்னும் மூன்று துடிப்புகள் இருக்கின்றன, அவை நட்சத்திரத்தின் ஒரு பக்கம் எழும்ப மறுபக்கம் தாழ்பவை. இவையெல்லாம் சேர்ந்தும் எதிர்த்தும் போவதால் ஒன்பது நாள் கணக்கில் அலை பெருத்துச் சிறுக்கும். அந்த மூன்றுக்கும் இடையில் உள்ள சின்ன இடைவெளிக்குக் காரணம் நட்சத்திரத்தின் சுழற்சி. இதையும் மற்ற துடிப்புகளையும் வைத்துத்தான் நியூவின் மையப்பகுதி மேற்பரப்பைவிட ஏறத்தாழ மூன்று மடங்கு வேகமாகச் சுழல்கிறது என்று கணக்கிட்டிருக்கிறார்கள்.

பல இரவுகளைச் சேர்ப்பதற்கு முன் நேரத்தைத் திருத்த வேண்டும். டிசம்பர் தொடக்கத்தில் பூமி நியூவின் பக்கம் இருக்கிறது, மார்ச்சுக்குள் விலகிவிடுகிறது. அதே ஒளி வந்து சேர 7 நிமிடம் போலக் கூடுதலாக ஆகும், 4 மணி நேரத் துடிப்பில் அது பெரிய பிழை. சூரியனை மையமாக வைத்து நேரத்தைத் திருத்தி, தரவில் எந்த வேகத் துடிப்பு எவ்வளவு வலுவாக இருக்கிறது என்று வரைந்து காட்டும் பீரியட்04 மென்பொருளில் போட்டேன். நாளொன்றுக்கு 5.76 துடிப்பு என்ற இடத்தில் பெரிய முகடு வந்தது. அதன் இரு பக்கமும் 4.76இலும் 6.76இலும் கிட்டத்தட்ட அதே உயரத்தில் இரண்டு போலி முகடுகள். ஒரே இடத்திலிருந்து இரவில் மட்டும் பார்ப்பதால், பகலில் நட்சத்திரம் ஒரு துடிப்பு கூட்டித் துடித்ததா குறைத்துத் துடித்ததா என்று கணக்குக்குத் தெரியாது. உலகம் முழுவதும் தொலைநோக்கிகளை வைத்து அளந்தது இதற்காகத்தான். முன்பு சொன்ன நெருக்கமான மூன்று துடிப்புகளையும் பிரித்துப் பார்க்க என் தரவு போதவில்லை, அதற்குப் பருவம் முழுவதும் விடாமல் எடுக்க வேண்டும்.

நியூ வான நடுக்கோட்டுக்கு அருகில் இருப்பதால் எந்த நாட்டில் இருப்பவரும் இதை எடுக்கலாம், டிசம்பர் தொடக்கத்தில் நள்ளிரவை ஒட்டி உச்சத்துக்கு வரும். வேறு நேர மண்டலத்தில் இருக்கும் யாராவது அதே வாரங்களில் படம் எடுத்தால் இரண்டையும் சேர்த்து அந்தப் போலி முகடுகளை வீழ்த்திவிடலாம். ரா கோப்புகள் எல்லாவற்றையும் அப்படியே வைத்திருக்கிறேன், கேட்டால் தருகிறேன்.